கரண்ட் வைக்குமுன் அரை லிட்டர் தண்ணீர்

கோபால்ட் மெஷின் காலத்தில் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்ச் சிகிச்சை, வைத்துக்கொள்ள வந்தவரிடம், காலையில் வெளிக்குப் போனீர்களா என்று பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். இடுப்பைச் சுற்றி ஊதா மையால் கோடு போடுவார்கள். அது அழியாமல் பார்த்துக்கொள்வதுதான் நோயாளிக்கு இருந்த பெரிய பொறுப்பு. கோடு போய்விடுமோ என்று பயந்து வாரக்கணக்கில் அரைக்குளியல் குளித்தவர்கள் உண்டு. மற்றபடி வந்தார், படுத்தார், எழுந்து போனார்.

மருத்துவர்களின் அக்கறைக் குறைவு அல்ல இது. அன்று புராஸ்டேட்டைப் பார்க்கவே வழியில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மால்கம் பேக்ஷா 1956-ல் லீனியர் ஆக்ஸிலரேட்டரை வைத்து இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோதும் சரி, அதே 1950-களில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கோபால்ட் மெஷின் வந்தபோதும் சரி, கையிலிருந்தது சாதாரண எக்ஸ்ரே. அதில் எலும்பு தெரியும், சதை தெரியாது. அதனால் சிறுநீர்ப்பைக்குள் டியூப் விட்டு, அதன் பலூனில் மருந்து நிரப்பிப் படமெடுப்பார்கள். மலக்குடலுக்குள் பேரியம் ஏற்றுவார்கள். மேலே பை, பின்னால் குடல், இரண்டுக்கும் நடுவே எங்கோ புராஸ்டேட் என்று கணக்குப் போட்டு, நாலு பக்கமிருந்தும் பெரிய கட்டமாகக் கதிரைப் பாய்ச்சுவார்கள். குடலில் வாயு சேர்ந்து புராஸ்டேட் கொஞ்சம் நகர்ந்தாலும் கட்டத்தை விட்டு வெளியே போகாது.

அதற்கான விலையை மலக்குடலும் சிறுநீர்ப்பையும் கொடுத்தன. மாதங்கள் கழித்து, சிலருக்கு வருடங்கள் கழித்து, மலத்தோடு ரத்தம் வரும். 70 கிரேவுக்கு (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) மேல் கதிரின் அளவைக் கூட்ட மருத்துவர்கள் தயங்கினார்கள்.

கூட்டிப் பார்த்தது ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை. 1990-களில் அங்கே ஒரு பிரிவினருக்கு 70 கிரே, இன்னொரு பிரிவினருக்கு 78 கிரே கொடுத்தார்கள். 78 வாங்கியவர்களுக்கு நோய் நன்றாகவே கட்டுப்பட்டது. ஆனால் குடல் தொந்தரவு 100-க்கு 13 பேர் என்பதிலிருந்து 26 பேர் என்று இரட்டித்தது. அளவைக் கூட்ட வேண்டுமானால் கட்டத்தைச் சுருக்கியே ஆக வேண்டும். சி.டி. ஸ்கேனும் கம்ப்யூட்டரும் அதற்குக் கைகொடுத்தன. புராஸ்டேட்டின் வடிவத்துக்கே கதிரை வளைக்க முடிந்தது.

கட்டம் சுருங்கியதும் வாயுவின் வேலை தெரிய ஆரம்பித்தது. அதே மருத்துவமனையில் 78 கிரே வாங்கிய 127 பேரின் திட்ட ஸ்கேன்களை (கதிர் பாய வேண்டிய இடத்தைக் குறிக்க ஆரம்பத்தில் எடுப்பவை) எடுத்துப் பார்த்து 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்தத் துறையின் அன்றாடப் பழக்கத்தையே மாற்றிய ஆய்வு என்று இதைச் சொல்வேன். ஸ்கேன் எடுத்த நாளில் மலக்குடல் காலியாக இருந்தவர்களில் ஆறு ஆண்டு முடிவில் 100-க்கு 92 பேருக்கு நோய் தலைகாட்டவில்லை. அன்று குடல் உப்பியிருந்தவர்களில் அந்த எண்ணிக்கை 63 மட்டுமே. ஒரே மருத்துவமனை, ஒரே அளவு கதிர். வித்தியாசம், அந்த ஒரு நாள் காலையில் வயிறு இருந்த நிலை.

நடந்தது இதுதான். உப்பிய குடல் புராஸ்டேட்டை முன்னே தள்ளியிருக்கிறது. ஸ்கேன் அந்த இடத்தையே பதிந்துகொண்டது. பிறகு வந்த நாட்களில் குடல் காலியாகி, புராஸ்டேட் பின்னால் சரிந்துவிட்டது. மெஷினோ பழைய இடத்தையே குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தது. புற்றுநோய் பெரும்பாலும் புராஸ்டேட்டின் பின்பக்கத்தில்தான் முளைக்கும். குறியிலிருந்து தப்பியதும் அந்தப் பக்கம்தான்.

இன்றைக்குக் கரண்ட் வைக்கும் அறையில் முதல் கேள்வியே, "மோஷன் போனீங்களா ஐயா?" அடுத்தது, "தண்ணி எப்போ குடிச்சீங்க?" மலக்குடல் காலியாக இருக்க வேண்டும், தேவைப்பட்டால் சின்ன எனிமா, அல்லது இரவில் பேதிக்கு மருந்து. சிறுநீரை முழுக்கக் கழித்துவிட்டு, 350 முதல் 500 மில்லி வரை தண்ணீர் குடித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பை நிறைந்தால் அதன் மேல்பகுதியும் சிறுகுடலும் கதிரின் வழியிலிருந்து விலகி மேலே போய்விடும்.

படுக்க வைத்ததும் மெஷினே உடம்பைச் சுற்றி வந்து ஒரு ஸ்கேன் எடுக்கும். சாம்பல் நிறப் படத்தில் சிறுநீர்ப்பை ஒரே சீராகத் தெரியும். மலக்குடலில் வாயு இருந்தால் கருப்பு முட்டைபோல் ஒரு வட்டம். அதைப் பார்த்ததுமே டெக்னீஷியன் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிடுவார். "ஒருதடவை பாத்ரூம் போயிட்டு வந்துருங்கய்யா." எழுபது வயதுக்காரர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குவார். வாயுவோடு சிறுநீரும் போய்விடும். மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு.

காத்திருக்கும் இடத்தில்தான் நம் ஊர் ஏற்பாடு சறுக்குகிறது. காலை முதல் இரவு வரை ஓடும் மெஷின் நடுவில் நின்றுபோனால், தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் வந்து சொல்ல ஆள் இருப்பதில்லை. புராஸ்டேட் வீங்கி ஏற்கெனவே அரை மணிக்கொருதரம் ஓடுகிறவரால் எப்படி அடக்க முடியும்? "நிறைய தண்ணி குடிச்சுட்டு வாங்க" என்று போகிறபோக்கில் சொல்வதும் தப்பு. அளவு மீறி நிரம்பினால் அதுவும் இடத்தை மாற்றும். முட்ட முட்டக் குடிப்பதில் ஒன்றுமில்லை. ஸ்கேன் நாளில் இருந்த அளவு தினமும் இருந்தால் சரி. தினசரிப் படம் பார்க்கும் வசதி வந்தபின் சில மையங்கள், அடக்க முடிந்த அளவு போதும் என்று தளர்த்தியும் இருக்கின்றன.

சாப்பாட்டு விஷயத்தில் கெடுபிடி தேவைக்கு மேல் என்பது என் அபிப்பிராயம். மொச்சை, சுண்டல், முட்டைக்கோஸை அந்த நாட்களில் ஒதுக்குவதால் நஷ்டமில்லை. அதற்காக ரசஞ்சோறு தவிர எதையும் தொடவிடாமல் பெரியவரை வாட்ட வேண்டியதும் இல்லை. பேதிக்கான மக்னீசியம் ஆக்சைடு மாத்திரையைக்கூட நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் ஒழுங்காகச் சோதித்தார்கள். புராஸ்டேட்டின் அசைவு அதனால் குறையவில்லை. தினமும் ஒரே நேரத்தில் கழிப்பறைக்குப் போகும் பழக்கம், சாப்பிடக்கூடாதவற்றின் பட்டியலைவிட உதவும்.

இப்போது ஏழு வாரச் சிகிச்சை நான்கு வாரமாகி, தகுந்த சிலருக்கு ஐந்தே தடவையில் 36.25 கிரே என்றும் வந்துவிட்டது. மொத்தக் கதிரில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாளில் இறங்குகிறது. பழைய முறையின் முப்பத்தேழு நாளில் ஒரு நாள் வயிறு உப்பினால் தாங்கும். ஐந்தில் ஒரு நாள் உப்பினால் தாங்காது.

ஆகவே திட்ட ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கும் கூடப் போகும் பிள்ளைகளுக்கும் சொல்வது: எத்தனை மில்லி, எத்தனை நிமிடம் முன்னால், அடக்க முடியாவிட்டால் யாரிடம் சொல்வது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் முதலிலேயே தெரிவியுங்கள். அன்று காலை வயிறு சுத்தமாகவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். ஸ்கேனை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.