பைக்கில் ஆயில் கசிகிறதா? கழற்றுவதற்கு முன் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

அதிகாலையில் பால் கேன், பகலில் உர மூட்டை, மாலையில் புல்லுக்கட்டு என்று ஒரு காலத்தில் மாட்டுவண்டி சுமந்ததில் பாதியை இன்று இருசக்கர வாகனம் சுமக்கிறது. டிராக்டர், பம்ப்செட், களையெடுக்கும் கருவி ஆகியவற்றின் பராமரிப்பைப் பற்றி விவசாயிகளிடம் நிறையப் பேசுகிறோம். ஆனால் தினமும் ஓடும் பைக்கைப் பற்றிப் பேசுவதில்லை. செங்கல்பட்டு மாவட்டக் கடலோரக் கிராமங்களுக்குப் போகும்போது, திண்ணையோரம் நிற்கும் வண்டிகளுக்கு அடியில் கறுப்பு ஆயில் கறையை அடிக்கடி பார்க்கிறோம்.

செய்யூர் பக்கம் தர்பூசணி பயிரிடும் ஒரு விவசாயியின் வண்டியில் மூன்று மாதமாக ஆயில் சொட்டியது. இன்ஜினை முழுவதும் இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அறுவடை நேரம் என்பதால் அவர் தள்ளிப்போட்டு, அவ்வப்போது ஆயில் ஊற்றி ஓட்டினார். ஒருநாள் வண்டியைக் கழுவி, பவுடர் போட்டுப் பார்த்தோம். கசிந்தது மேலே இருக்கும் டேப்பட் மூடியின் ரப்பர் வளையம். அதை மாற்ற அரை மணி நேரம் ஆனது.

ஏன் அலட்சியம் கூடாது?

100 சிசி வண்டிகள் பலவற்றில் இன்ஜின் கொள்ளும் ஆயிலே ஏறத்தாழ 1 லிட்டர்தான். சிலவற்றில் அதற்கும் குறைவு. ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கும் பெரும்பாலான வண்டிகளில் இல்லை. பாதி ஆயிலோடு சுமையேற்றி ஓட்டினால் பிஸ்டன் சூடாகிச் சிலிண்டரில் இறுகிவிடும். ஓடும்போது அப்படி நடந்தால் பின்சக்கரம் நின்று வண்டி சாயும். கசியும் ஆயில் பின்டயரில் பட்டாலும் வழுக்கும்.

நம்மிடம் ஒரு பழைய பழக்கமும் உண்டு. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில், இன்ஜினுக்கான ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றினோம். 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. இதற்கு ஆயில் தனியாக இருக்கிறது. அதன் அளவைப் பார்க்கும் வழக்கம் இன்னும் பலருக்கு வரவில்லை.

முதலில், கசிவது எது?

வண்டிக்கு அடியில் இரவு ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறையைத் தொட்டுப் பாருங்கள்.

• பழுப்பாகவோ கறுப்பாகவோ, வழவழப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில்.
• நீர்போல் மெலிந்து, சீக்கிரம் உலர்ந்து, வாசனை அடித்தால் பெட்ரோல். வண்டியை இயக்காதீர்கள். பெட்ரோல் டேப் இருந்தால் மூடிவிட்டு, அடுப்பு, பீடி, மின்சாரச் சுவிட்ச் எதுவும் அருகில் இல்லாமல் வெளியே தள்ளி வைத்து மெக்கானிக்கை அழையுங்கள்.
• முன்சக்கரத்தின் மேல், ஃபோர்க் குழாயில் ஈரம் இருந்தால் அது ஷாக் அப்சார்பர் ஆயில். இன்ஜினுக்கும் அதற்கும் தொடர்பில்லை.
• பின்பக்கம் செயின் ஓரத்தில் மட்டும் பிசுபிசுப்பு இருந்தால், செயினுக்குப் போட்ட ஆயில் தெறித்ததாகவும் இருக்கலாம். துடைத்துவிட்டு, மீண்டும் வருகிறதா என்று பாருங்கள்.

பவுடர் சோதனை

ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறு. பலர் சொட்டும் இடத்தைக் கழற்றி ஏமாறுகிறார்கள்.

1. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சோப்புத் தண்ணீரும் பெயின்ட் பிரஷும் கொண்டு முழுவதும் கழுவித் துடையுங்கள். டீசல் அடித்துக் கழுவாதீர்கள்; அது ரப்பர் பாகங்களைக் கெடுக்கும்.
2. உலர்ந்ததும், சந்தேகமான மூட்டுகளில் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் போகக்கூடாது.
3. 4 அல்லது 5 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்திருக்கும் இடங்களில் எது மிக மேலேயும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அதுதான் கசியும் இடம்.

சூடான சைலன்ஸரில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செயினைத் துடைக்கும்போது இன்ஜின் ஓடக்கூடாது, விரல் போய்விடும்.

கடலோரத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் என நம் கரை முழுவதும் உப்புக்காற்று. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே அது அரிக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைப் பூசி அந்த உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். பைக் இன்ஜினின் உடல் அலுமினியம், போல்ட்டுகள் இரும்பு. இரண்டும் சேருமிடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். மூடியின் விளிம்பு அரிக்கப்பட்டால் புது பேக்கிங் போட்டாலும் நிற்காது. போல்ட் இறுகி, கழற்றும்போது மரை போய்விடும்.

பல ஊர்களில் கரையோர போர் தண்ணீரே உப்பாக இருக்கிறது. அதில் வண்டி கழுவினால் உப்பை மேலும் ஏற்றுகிறோம். கடைசியில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் துடையுங்கள்.

நீங்களே சரிசெய்யக்கூடியவை

வாரண்டி உள்ள புது வண்டியைக் கழற்றாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். மற்றவற்றில் கீழ்க்கண்டவற்றை வீட்டிலேயே செய்யலாம்.

*ஆயில் அதிகம்:* "கூட இருந்தால் நல்லது" என்று அளவுக்கு மேல் ஊற்றினால் உள்ளே அழுத்தம் கூடி மூட்டுகளில் கசியும். ஏர் ஃபில்டர் பெட்டியிலும் ஆயில் சேரும். வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, டிப் ஸ்டிக்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். டிப் ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். ஊற்றாமலே அளவு கூடி, ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்தால், கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் இறங்குகிறது. அந்த ஆயிலோடு ஓட்டக்கூடாது.

*காற்றுக்குழாய் அடைப்பு:* இன்ஜினுக்குள் உருவாகும் அழுத்தம் பிரீதர் என்ற சிறு ரப்பர் குழாய் வழியாக வெளியேறும். அது சேற்றால் அடைபட்டாலோ மடிந்தாலோ, எங்கே இளக்கமோ அங்கே ஆயில் வெளியே வரும். எந்த பேக்கிங்கையும் மாற்றும் முன் இந்தக் குழாயைப் பாருங்கள். செலவே இல்லாத வேலை இது.

*டிரெய்ன் போல்ட்:* இன்ஜினின் அடியில் இருப்பது. இதன் வாஷர் ஒருமுறை இறுக்கியதும் நசுங்கிவிடும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் புது வாஷர் போடுங்கள்.

*டேப்பட் மூடி, ஃபில்டர் மூடி:* பழைய ரப்பர் வளையம் வெயிலிலும் சூட்டிலும் கெட்டியாகி வெடித்திருக்கும். அதே அளவில் புதியது வாங்கி, விளிம்பைத் துடைத்து, வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவிப் பொருத்துங்கள்.

*கிளட்ச் மூடி பேக்கிங்:* ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு. ஆயிலை வடித்த பிறகு கழற்றுங்கள். எந்த போல்ட் எங்கே இருந்தது என்பதை அட்டையில் மூடியின் படம் வரைந்து, அதே இடத்தில் குத்தி வையுங்கள்; நீளம் மாறினால் இன்ஜின் உடல் வெடிக்கும். பழைய பேக்கிங்கைச் சுரண்ட ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதுவே புதுக் கசிவு. வெளிப்புறமாகப் பசை அப்புவதால் பயனில்லை. உள்ளிருந்து வரும் ஆயில் அதைத் தள்ளிவிடும்.

இறுக்குவதில் கவனம்

கசிவைக் கண்டதும் போல்ட்டை இன்னும் இறுக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மூடிகளில் உள்ள 8 நம்பர் ஸ்பேனர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும். போல்ட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, சுமார் 10 கிலோ எடை தரும் இழுப்பு அது. ஸ்பேனரில் பைப் செருகி இறுக்காதீர்கள். ஒரே பக்கமாக இறுக்காமல், எதிரெதிர் போல்ட்டுகளை இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

ஆயில் வாங்கும்போது கையேட்டில் சொன்ன தரத்தையும், டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறியையும் பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் அந்த ஆயிலிலேயே மூழ்கி வேலை செய்வதால், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

சிலிண்டரும் இன்ஜின் உடலும் சேரும் இடத்தில் கசிவு, ஹெட் பகுதியில் கசிவு, இன்ஜின் உடலில் வெடிப்பு, மரை போன போல்ட் ஆகியவை கடை வேலை. வெளியே கசிவே இல்லாமல் ஆயில் குறைந்து, புகை நீலமாக வந்தால், ஆயில் உள்ளே எரிகிறது. வடகிழக்குப் பருவமழையில் வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த தேநீர்போலத் தெரிந்தால், உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யாமல் கொண்டுபோங்கள். பின்சக்கர பிரேக் டிரம்முக்குள் ஆயில் போயிருந்தாலும் துடைத்துவிட்டு ஓட்டக்கூடாது.

பழைய ஆயிலை என்ன செய்வது?

வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். நீரின் மேல் படலமாகப் பரவும். மண்ணில் இறங்கினால் குடிநீரையும் கெடுக்கும். மாட்டின் புண்ணில் தடவுவதும் தவறு. அதில் உலோகத் துகள்கள் உண்டு, மாடு நக்கினால் வயிற்றுக்குள் போகும். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

வாரம் ஒருமுறை, பால் ஊற்றிவிட்டு வந்து வண்டி ஆறியதும், டிப் ஸ்டிக்கையும் அடியையும் ஒருமுறை பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். நடவு நேரத்திலோ அறுவடை நேரத்திலோ வண்டி நடுவழியில் நிற்காமல் இருக்க அது போதும்.