அந்த வீட்டுக்கு அலுவலக அனுமதி இருக்கிறதா?

அடையாறு, மந்தைவெளி, அண்ணா நகர் என்று சென்னையின் அமைதியான தெருக்களில் தனி வீடுகள் கோ-ஒர்க்கிங் இடங்களாக மாறும்போது, பேச்செல்லாம் அக்கம்பக்கத்தாரின் எரிச்சலைப் பற்றியே இருக்கிறது. அந்த எரிச்சலில் நியாயம் உண்டு. ஆனால் அனுமதியில்லாத இடம் மூடப்பட்டால் முதலில் தெருவில் நிற்பவர், அட்வான்ஸும் மாதக் கட்டணமும் கட்டி அங்கே உட்கார்ந்து வேலை செய்பவர்தான். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் வாடகை ஒப்பந்தம் அல்ல, இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமம் மட்டுமே. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, உரிமம் பெற்றவருக்குக் கட்டடத்தின் மீது எந்த உரிமையும் பிறப்பதில்லை. இடத்தை நடத்துபவரே வாடகைதாரர் என்றால் சிக்கல் இன்னும் கூடும். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதைத் தடுக்கிறது.

குடியிருப்புக்கென அனுமதி பெற்ற வீட்டை அலுவலகமாக்குவது பயன்பாட்டு மாற்றம். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். இல்லையென்றால் சீல் வைக்கலாம். இது ஏட்டளவு மிரட்டல் அல்ல. 2006-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து டெல்லியில் குடியிருப்புப் பகுதிக் கடைகளும் அலுவலகங்களும் வரிசையாகப் பூட்டப்பட்டன. மின்சாரத்திலும் வில்லங்கம் உண்டு. வீட்டு இணைப்பில் அலுவலகம் நடத்தினால், மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு விதிக்கிறது. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதங்களுக்குக் கணக்கிடுகிறது. இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருந்தால் அவரும் மாட்டுவார். ஆகவே பணம் கட்டுமுன் திட்ட அனுமதி நகல், மின் கட்டண ரசீது, உரிமையாளரின் சம்மதக் கடிதம் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். இடம் மூடப்பட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

டாக்டரும் ஆடிட்டரும் காலங்காலமாக வீட்டில் தொழில் செய்யவில்லையா என்று கேட்பார்கள். குடியிருப்பவர் தன் வீட்டின் ஓர் அறையில் தொழில் செய்வது வேறு. யாருமே குடியிராத வீட்டில் முப்பது இருக்கைகளை வாடகைக்கு விடுவது வேறு. லேப்டாப்பில் என்ன சத்தம் என்பதும் பாதி உண்மைதான். ஏசியின் வெளி யூனிட்டுகளும் ஜெனரேட்டரும் வாசலை மறிக்கும் பைக்குகளும் சேர்ந்தே வருகின்றன. ஒரு குடும்பத்துக்குக் கட்டிய ஒற்றை மாடிப்படி, தீப்பிடித்தால் அத்தனை பேருக்கும் போதாது என்பது எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருகிறது.

அக்கம்பக்கத்தாருக்கும் வழிகள் உண்டு. குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. அதைவிட 10 டெசிபல் கூடினால் காவல்துறையிடம் புகார் தரலாம். அனுமதி விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமோ (சி.எம்.டி.ஏ.) மாநகராட்சியிடமோ கேட்கலாம். வீட்டருகே வேலையிடம் கிடைப்பது, முக்கியமாகக் குழந்தை வளர்க்கும் பெண்களுக்கு, பெரிய உதவி. அதனால் புகார் மனுவில் ‘மூடுங்கள்’ என்று மட்டும் எழுதாமல், விதிகள் இடம் தரும் தெருவாக இருந்தால் முறையான அனுமதியும் தீப் பாதுகாப்பும் பெற அவகாசம் கொடுக்கும்படி எழுதுங்கள்.