சோபி சோல்: வெள்ளை ரோஜா இயக்கத்தில் ஓர் இளநங்கையின் பணி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜெர்மனியின் மியூனிக் நகரில், பல்கலைக்கழக மாணவர் சிலர் இட்லரின் ஆட்சியை எதிர்த்து மறைவாகத் துண்டறிக்கைகள் வெளியிட்டனர். இக்குழுவினை ‘வெள்ளை ரோஜா’ என்பர். இதிற் பங்குகொண்டு, 1943 பிப்ரவரி 22ஆம் நாள் தம் இருபத்தொன்றாம் வயதில் கொலைத் தண்டம் பெற்ற சோபி சோல் என்னும் நங்கையின் பெயரை உலகம் நன்கறியும். மக்களிடையே வழங்கும் வரலாற்றில் அறிக்கைகளை எழுதியவர் அவரே என்பதுபோலப் பேசப்படுதலும் உண்டு. இக்கூற்று சான்றுகளோடு இயைவதா, இயையாதாயின் அவர் பெருமை குன்றுமா என்னும் இரண்டனையும் ஈண்டு ஆராய்வோம்.

வாழ்க்கைக் குறிப்பு

சோபி 1921 மே 9ஆம் நாள் ஃபோர்க்டன்பெர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ராபர்ட் சோல் அவ்வூர் நகரத் தலைவராய் இருந்தவர். பின்னர்க் குடும்பம் உல்ம் நகரில் குடியேறிற்று. சோபியும் தமையனார் ஹான்சும் இளமையில் இட்லரின் இளைஞர் அமைப்புகளில் ஆர்வத்தோடு சேர்ந்தனர். தந்தையார் அதனை விரும்பிலர். எனவே பிறப்பிலிருந்தே எதிர்ப்புணர்ச்சி உடையவராக அவரைக் காட்டுதல் பொருந்தாது. தடைசெய்யப்பட்ட இளைஞர் குழுவொன்றின் தொடர்பு காரணமாக 1937இல் ஹான்ஸ் சிறைப்பட்டார். இட்லரைப் பழித்துரைத்த குற்றத்திற்காக 1942இல் தந்தையாரும் சிறை சென்றார். இவை போல்வன படிப்படியே அவருள்ளத்தை மாற்றின. குழந்தைக் கல்விப் பயிற்சியும் கட்டாய உழைப்புப் பணியும் முடித்து, 1942 மே திங்களில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் உயிரியலும் மெய்யியலும் பயிலச் சேர்ந்தார்.

அறிக்கைகளும் அவற்றின் ஆசிரியரும்

வெளிவந்த அறிக்கைகள் ஆறு. 1942 ஜூன், ஜூலைத் திங்களில் தோன்றிய முதல் நான்கும் ஹான்சும் அலெக்சாண்டர் ஷ்மோரெலும் எழுதியவை. கதே, ஷில்லர், அரிஸ்டாட்டில், லாவோட்சு ஆகியோர் உரைகளை எடுத்தாண்டு கற்றோரை நோக்கிப் பேசுவன அவை. ‘வெள்ளை ரோஜா’ என்னும் தலைப்பு இந்நான்கிற்கே உரியது. 1943 ஜனவரியில் வந்த ஐந்தாவது, ஜெர்மனியின் எதிர்ப்பியக்கத்து அறிக்கை எனத் தன்னைக் கூறிக்கொள்கின்றது. ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை வீழ்ந்தபின், மாணவரை விளித்து ஆறாவதை வரைந்தவர் மெய்யியற் பேராசிரியர் குர்ட் ஹூபர். இவற்றுள் ஒன்றையேனும் சோபி இயற்றினார் என்று துணிதற்குத் தக்க சான்று இல்லை.

மொழியாய்வாளர் கருதத்தக்க செய்தி ஒன்றும் உளது. அறிக்கைகளின் நடையை ஆராய்ந்து ஆசிரியரைப் பற்றிக் கருத்துரைக்குமாறு, கெஸ்டாப்போ என்னும் மறைகாவற்படை 1943 பிப்ரவரியில் ரிச்சர்ட் ஹார்டர் என்னும் தொன்மொழி அறிஞரை வேண்டிற்று. அவரும் ஆராய்ந்து, எழுதியவர் உயர்கல்வி பெற்றவர் எனக் குறித்தார். பாடம் துணிதற்கு நாம் போற்றும் அதே கலை, ஈண்டு மனிதரைக் காட்டிக்கொடுத்தற்குப் பயன்பட்டது. ஆயினும் அக்கலைக்கும் ஓர் எல்லை உண்டு: நடை எழுதியவரைக் காட்டும், தாளும் அஞ்சல் தலையும் வாங்கியவரைக் காட்டாது.

சோபி ஆற்றிய பணி

எழுதிய அறிக்கை தானே ஊர் சுற்றாது. ஐந்தாம் அறிக்கையின் படிகள் 6,000 முதல் 9,000 வரை எனக் கணிப்பர். போர்க்காலத்தில் தாள் அரிது. அஞ்சல் தலையை ஒருவரே மிகுதியாக வாங்கின் ஐயம் எழும். ஆதலின் பல இடங்களிற் சிறிது சிறிதாக வாங்குதல் வேண்டும். முகவரி எழுதி உறையிலிடல் வேண்டும். எங்கிருந்து வருகின்றன என்பது தெரியாதிருக்கப் பல நகரங்களிலிருந்து அனுப்புதல் வேண்டும். சோபி இப்பணிகளில் ஈடுபட்டார். குழுவின் வரவு செலவினையும் பேணினார். உறைகள் நிறைந்த பெட்டியோடு புகைவண்டி ஏறி ஆக்ஸ்பர்க், ஸ்டுட்கார்ட் நகரங்களுக்குச் சென்று அஞ்சலிட்டார். வழியிற் சோதனை நேரின் பெட்டியின் பொருட்டு உயிர் போவது உறுதி.

1943 பிப்ரவரி 18ஆம் நாள் சோபியும் ஹான்சும் ஆறாம் அறிக்கையைப் பல்கலைக்கழக வகுப்பறை வாயில்களில் வைத்தனர். எஞ்சியவற்றை மேல்தளத்திலிருந்து சோபி கீழே தள்ளினார். அதனைக் கண்ட கட்டடக் காவலர் இருவரையும் தடுத்து நிறுத்தினார்.

வாக்குமூலத்தின் நிலை

1952இல் தமக்கையார் இங்கே சோல் வெளியிட்ட நூலே நெடுங்காலம் இவ்வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாய் இருந்தது. கிழக்கு ஜெர்மனியில் இருந்த விசாரணைப் பதிவுகள் 1990ஐ ஒட்டியே ஆய்வாளர்க்கு எட்டின. அவற்றின்படி சோபி முதலில் அனைத்தையும் மறுத்தார். தமையனாரின் அறையிற் சான்றுகள் அகப்பட்டபின் ஒப்புக்கொண்டார். எனினும் இப்பதிவினைச் சொல்லுக்குச் சொல் மெய்யெனக் கொள்ளல் ஆகாது. வினவியவர் பகைவர், எழுதியவரும் அவரே. விடை கூறியவரோ தோழரைக் காத்தற்பொருட்டுப் பழியைத் தம்மேலும் தமையனார்மேலும் ஏற்க முயன்றவர். ஆகவே தம் பங்கினை அவர் மிகுத்துக் கூறுமிடங்களில் வரலாற்றினும் அன்பே மிகுதி எனல் தகும். தாம் செய்தது தம் மக்களுக்கு நன்மையே என்றும், அதற்காக வருந்தவில்லை என்றும் இறுதியில் அவர் கூறியதனை ஐயுறுதற்கு இடமில்லை. அது அவருக்கு எவ்வகையானும் பயன் தருவதாய் இருக்கவில்லை.

முடிவுரை

பிப்ரவரி 22ஆம் நாள் ஃப்ரைஸ்லர் தலைமையில் அமைந்த மக்கள் நீதிமன்றம் சோபி, ஹான்ஸ், கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட் மூவர்க்கும் கொலைத் தண்டம் விதித்தது. அன்று மாலையே அது நிறைவேறிற்று. ஹூபர், ஷ்மோரெல், வில்லி கிராஃப் ஆகியோரும் அவ்வாண்டிலேயே மாய்ந்தனர். எழுதியவர்க்கும் சுமந்தவர்க்கும் இடையே அந்நீதிமன்றம் வேறுபாடு காணவில்லை. நாமோ சோபியை உயர்த்தற்பொருட்டு அவர் எழுதாதவற்றை அவர்மேல் ஏற்றுகின்றோம். அங்ஙனம் செய்யின், சுமத்தலும் கணக்குப் பேணலும் சிறுதொழில் என்று நாமே ஒப்புக்கொண்டவராவோம். அவர் செய்த பணியை உள்ளவாறு கூறுதலே அவர்க்குச் செய்யும் சிறப்பென்பது எம் துணிபு.