கம்பியும் அலையும்

1923ஆம் ஆண்டில் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்துச் சிற்றறை ஒன்றிலிருந்து இசைத்தட்டின் ஒலி வான்வழியே பரவியது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் அமைத்த அந்த ஒலிபரப்பிக்குக் கருவிகளை ஈந்தது, போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்று. பணி முடிந்ததெனக் கருதப்படும் கருவிக்கும் புதியதொரு பணி வாய்க்கலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தொலைபேசிச் செப்புக் கம்பி வழியாக ஏ.டீ.எஸ்.எல். இணைய இணைப்புப் பெற்ற வீடுகளிற் கம்பித் துளைகள் மட்டுமே உடைய பழைய 'றவுட்டர்'கள் சில உள. விறாந்தையில் இருப்பவர் இணையத்தை ஆள, உள்ளறையிற் படிக்கும் மாணவர் காத்திருப்பர். கைத்தொலைபேசிக்கோ கம்பி பொருந்தாது. இதற்காக நற்பணியாற்றும் கருவியை எறிந்துவிட வேண்டுமா? வேண்டுவதில்லை.

றவுட்டரின் தொழில் இரண்டு. வெளியுலகத்திற்கும் வீட்டுக்கும் இடையே செய்தியை வழிப்படுத்துவது ஒன்று. வீட்டுக் கணினி ஒவ்வொன்றுக்கும் முகவரியாக ஓர் இலக்கம் வழங்குவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் அலை தேவையில்லை. ஆதலின், கம்பிச் செய்தியை வானலையாக மாற்றும் 'அணுகு நிலையம்' ஒன்றைப் பழைய கருவியின் துளையொன்றிற் கம்பியால் இணைத்தலே போதும்.

கம்பியில்லா வசதியுள்ள வேறொரு றவுட்டர் கைவசமிருப்பின் அதனையே அணுகு நிலையமாக்கலாம். அதற்கு மூன்று மாற்றங்கள் வேண்டும். பழையதன் முகவரி 192.168.1.1 எனின், புதியதற்கு 192.168.1.2 என, வேறெதற்கும் வழங்கப்படாத இலக்கத்தை இடுக. புதியதன் முகவரி வழங்கும் தொழிலை நிறுத்துக. ஒரு தெருவில் இருவர் தனித்தனியே வீட்டிலக்கம் இட்டாற் குழப்பமே விளையும். கம்பியை வெளியிணைப்புத் துளையிற் செருகாது, வீட்டுக் கணினிகளுக்குரிய துளையிற் செருகுக. பெரும்பாலும் பிழை நேர்வது இங்கேதான்.

இனி, இடம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12½ சென்ரிமீற்றர். நம் பழைய நாற்சார் வீடுகளின் தடித்த கற்சுவர்கள் அதனை நலிவிக்கும், தகரம் திருப்பியனுப்பும், நீர்த்தொட்டி உறிஞ்சும். நடுமுற்றத்தை நோக்கிய உயரமான இடம் நன்று. இணைப்புக் கம்பி 100 மீற்றர் வரை செல்லுமாதலின், அணுகு நிலையத்தைப் பழைய றவுட்டரின் அருகே வைக்கவேண்டுமென்ற நியதியில்லை.

காவலும் மறத்தற்பாலதன்று. கிடுகு வேலி ஆளை மறிக்கும், அலையை மறியாது. 'டபிள்யூ.பீ.ஏ.2' அல்லது அதனினும் புதிய மறையீட்டு முறையையும் நீண்ட கடவுச்சொல்லையும் அமைத்தல் வேண்டும். பழைய கருவியின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லையும் மாற்றுக. அதன் மென்பொருளுக்குத் திருத்தங்கள் நின்றுபோயிருப்பின், காவல் கருதி அதனை மாற்றுதலே முறை. சிக்கனம் அவ்வெல்லையைக் கடத்தலாகாது.

அலையைச் சேர்ப்பதால் இணைப்பின் வேகம் மிகாது. செப்புக் கம்பி கொணர்ந்ததையே அலை பகிர்ந்தளிக்கும். கடல் கடந்தும் நிலத்தடியிலும் நெடுந்தொலைவு வந்த செய்தியை, இறுதிச் சில அடிகள் மட்டுமே அலை சுமக்கின்றது. அச்சில அடிகளே, உள்ளறையிற் காத்திருந்த மாணவரை உலகின் நூலகங்களோடு சேர்க்கின்றன.