நாரி நோ என்று விட்டுவிடலாமா?

ஒரு சகோதரி நிகழ்ச்சிக்கு அழைத்துக் கேட்டார்: "அம்மா கட்டில்ல திரும்பிப் படுத்தவ, விலா எலும்பு முறிஞ்சு போச்சு. குருதிப் புற்றுநோயெண்டு சொல்லுகினம். இரத்தத்துக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் அண்ணை?"

நான் கணக்காளன், வைத்தியன் அல்லன். விசாரித்தும் வாசித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

நோயின் பெயர் மல்ரிப்பிள் மைலோமா. எலும்பு மச்சையிலுள்ள பிளாஸ்மா கலங்கள் புற்றாகிப் பெருகுவது. எலும்பிலும் வரவு செலவு உண்டு. சில கலங்கள் பழைய எலும்பைக் கரைக்கும். வேறு சில புதிதாகக் கட்டும். மைலோமா செலவைக் கூட்டி வரவை மறித்துவிடுகிறது. ஆகவே முள்ளந்தண்டும் விலாவும் விழாமலே முறிகின்றன. எங்கள் ஆட்கள் இதை நாரிப்பிடிப்பு, வயது, தொழிற்சாலை வேலை என்று சொல்லி மாதக்கணக்கில் எண்ணெய் போட்டு உருவுவார்கள். உளுத்த எலும்பை அழுத்தி உருவுவது ஆபத்து.

புற்றுநோய்க்கான மருந்துதான் அடிப்படைச் சிகிச்சை. அதனுடன் எலும்பைக் காக்க சொலெட்ரோனிக் அசிட் 4 மில்லிகிராம், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை சேலைன்போல ஏற்றுவார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டெனோசுமாப் ஊசி உண்டு. மைலோமாவுக்கு அமெரிக்கா அதனை 2018இல் அனுமதித்தது. இரண்டுக்கும் முன் பல்வைத்தியரிடம் போயே ஆக வேண்டும். மருந்து தொடங்கியபின் பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் அழுகக்கூடும். பல்வைத்தியச் செலவுக்குப் பயந்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நொருங்கிய முள்ளெலும்புக்குள் ஊசியால் ஒருவகைச் சீமெந்து செலுத்துவதுண்டு. பலருக்கு நோ விரைவில் குறைகிறது. தொடையெலும்பு முறியும் நிலையில் இருந்தால் முன்கூட்டியே உள்ளே உலோகத்தண்டு வைப்பார்கள். நோவுக்குக் கதிர்ச் சிகிச்சையும் உண்டு; சிலருக்கு ஒரே தடவை போதும்.

வீட்டில் இருக்கும் இபுபுரோஃபென், டைக்ளோபினாக் குளிசைகளைத் தாமாக எடுக்க விடாதீர்கள். மைலோமா ஏற்கெனவே சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். கிளினிக்குக்குப் போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று ஒரு பிள்ளை எப்படி வாய்திறந்து சொல்லும்?

கால்கள் திடீரென விறைத்தால், பலமிழந்தால், சலம் போவது தடைப்பட்டால் அது முள்ளந்தண்டு வடம் நெரிபடுவதாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல், அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.