‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எங்கள் கூடைப்பந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. டாலஸ் மேவரிக்ஸ் அணி, லூக்கா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு ஆண்டனி டேவிஸைப் பெற்றுக்கொண்டதாம். பொய்ச் செய்தி என்றே முதலில் நினைத்தோம். எட்டு மாதங்களுக்கு முன்புதான் டாலஸை என்பிஏ இறுதிச் சுற்றுவரை கொண்டு சென்றவர் டோன்சிச். அவர் கேட்காமலேயே அவரை எப்படி அனுப்ப முடியும்?

முடியும். என்பிஏவில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அப்படித்தான். இரண்டு அணிகள் பேசி முடித்துவிட்டால் வீரரின் ஒப்பந்தம் அப்படியே கைமாறும். சம்பளம் மாறாது, ஆனால் ஊரும் வீடும் மாறிவிடும்.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. ஒப்பந்தத்தில் ‘நோ-டிரேட்’ பிரிவு இருந்தால், வீரரின் சம்மதமின்றி அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாது. ஆனால், அதைக் கேட்பதற்கே தகுதி வேண்டும். என்பிஏவில் குறைந்தது 8 பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். அவற்றில் 4 பருவங்களாவது ஒப்பந்தம் செய்யும் அணிக்காக ஆடியிருக்க வேண்டும். அணியும் ஒப்புக்கொள்ள வேண்டும். டோன்சிச்சுக்கு அது 7வது பருவம்.

அந்த உரிமையைப் பெற்றவர்களில் ஒருவர் கோபி பிரையன்ட். 2007ல் அணி மாற விரும்பியவரே அவர்தான். ஆனால், டெட்ராய்ட் அணிக்கு அனுப்ப ஏற்பாடானபோது மறுத்துவிட்டார். லேக்கர்சிலேயே தொடர்ந்து 2009லும் 2010லும் கிண்ணம் வென்றார்.

பிராட்லி பீலின் கதை வேறு. 2022ல் வாஷிங்டன் அணியுடன் 5 ஆண்டுகளுக்கு 251 மில்லியன் அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்தபோது அவர் இந்த உரிமையையும் பெற்றார். 2023ல் அவர் சம்மதத்துடன் ஃபீனிக்ஸ் அணிக்கு மாறினார். உரிமையும் கூடவே சென்றது. ஆனால், 2025 ஜனவரியில் தொடக்க ஐவரிலிருந்து அவர் நீக்கப்பட்டார். அந்தப் பருவத்தில் 36 ஆட்டங்களில் மட்டுமே வென்ற ஃபீனிக்ஸ், அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெறவில்லை. அதே ஆண்டு ஜூலையில், வரவேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து பீல் வெளியேறினார். அவரை வேறு அணிக்கு அனுப்பாமல் தடுக்க முடிந்த அந்தப் பிரிவால், அவருக்கு ஆட்டக்களத்தில் இடம் வாங்கித் தர முடியவில்லை.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. சென்ற விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மூன்று பக்க ஒப்பந்தத்தில் உதவித்தொகை எவ்வளவு என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டேன். மூன்றாவது வாரம், தீவின் மறுகோடியில் இருந்த கிளைக்கு மாற்றினார்கள். போக மட்டும் ஒன்றரை மணி நேரம். “என்னிடம் கேட்கவே இல்லையே” என்றேன். மேற்பார்வையாளர் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினார். எந்தக் கிளைக்கும் மாற்றலாம் என்று இருந்தது. கீழே என் கையெழுத்து.

இருபது வயதுப் பயிற்சியாளருக்கு யாரும் மறுப்புரிமை தரமாட்டார்கள். ஆனால், கையெழுத்திடுவதற்கு முன்பு “எந்தக் கிளை? எத்தனை நாளுக்கு?” என்று கேட்க எட்டுப் பருவங்கள் ஆடியிருக்கத் தேவையில்லை. அடுத்த மாதம் இன்னொரு ஒப்பந்தம் என் கைக்கு வருகிறது. இந்த முறை உதவித்தொகையைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.