ஆணி குடிக்கும் டயர் மனிதன்

பலகை எழுதுவது என் தொழில். ஃபிளெக்ஸ் வந்த பிறகு புதுச்சேரி நேரு வீதிக் கடைகளுக்குப் பெயர் எழுதும் வேலை குறைந்துபோனது. இப்போது ஒயிட் டவுன் காபிக்கடைக்காரர்கள் பழைய பிரெஞ்சு கார் விளம்பரங்களைச் சுவரில் வரையச் சொல்கிறார்கள்.

அவற்றில் எனக்குப் பிடித்தது, 1898-இல் ஓகாலோ என்ற ஓவியர் மிஷ்லின் கம்பெனிக்கு வரைந்தது. டயர்களை அடுக்கிச் செய்த ஓர் ஆள், ஆணியும் கண்ணாடிச் சில்லும் நிறைந்த கோப்பையைத் தூக்கிப் பிடித்திருப்பான். பக்கத்தில் போட்டி டயர்கள் காற்றுப் போய்த் துவண்டு கிடக்கும். "இவன் ஏன் வெள்ளையா இருக்கான்?" என்று வேடிக்கை பார்ப்பவர்கள் கேட்பார்கள். அன்றைய டயரே வெளிறிய நிறம்தான். ரப்பரில் கரித்தூள் கலக்கும் வழக்கம் பிறகுதான் பரவியது.

அன்று வண்டி வைத்திருந்தவனின் பெரிய பயம் பஞ்சர். அந்தப் பயத்தையே விருந்தாக்கிவிட்டார் ஓவியர். டயரின் உறுதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் இவ்வளவு பதிந்திருக்காது.

டயரிலிருந்து காருக்கு வருவோம். 1919-இல் பிரான்சில் ஆந்த்ரே சிட்ரோயன் கார் விற்க வந்தார். அதற்கு முன் அவர் பல்சக்கரம் செய்தவர். அந்தப் பல்லின் வடிவம்தான் இன்றும் அவர் காரின் நெற்றியில் இருக்கும் இரட்டைக் கூரை முத்திரை. அவருடைய முதல் காரிலேயே மின்சார ஸ்டார்ட்டர் இருந்தது. அது இல்லாத கார்களில் முன்னால் குனிந்து இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கைப்பிடி எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு போய்விடும். அந்தத் தொல்லை தீர்ந்ததும், ஸ்டியரிங் பிடித்த பெண்கள் அவருடைய விளம்பரங்களுக்கு வந்தார்கள். எங்கள் ஊரில் அக்காலத்துப் பெரிய மனிதர்கள் போனதோ ஆள் தள்ளும் வண்டியில். உள்ளே உட்கார்ந்தவரே கைப்பிடியைத் திருப்புவார். மூச்சு வாங்குவது மட்டும் பின்னால் தள்ளுகிறவருக்கு.

1922-இல் பாரிஸ் வானத்தில் விமானப் புகையால் தன் பெயரை எழுத வைத்தார் சிட்ரோயன். 1925-இல் ஈஃபில் கோபுரத்தில் சுமார் 2.5 லட்சம் பல்புகளால் அதே பெயர். பலகை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பலகை கிடைக்குமா!

1934-இல் முன்சக்கரங்கள் இழுத்துச் செல்லும் 'த்ராக்ஸியோன் அவான்' வந்தது. அதை உருவாக்கிய செலவோடு பழைய கடனும் சேர, கம்பெனி நொடித்துப்போனது. கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? நம் ஆணி குடிக்கும் ஆள்தான். மிஷ்லின் கைக்குக் கம்பெனி போனது. கோபுர விளக்குகளும் 1930-களின் நடுவில் அணைந்தன. அந்தக் காரோ 1957 வரை தயாரானது.

பெயரை எவ்வளவு உயரத்தில் எழுதினாலும், கீழே ஓடும் சரக்கு நன்றாக இருக்க வேண்டும். இப்போது இந்த இரண்டு கம்பெனிகளுக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் தொழிற்சாலை இருக்கிறது. அவர்களுக்கு யாராவது சுவர் எழுதச் சொன்னால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த வண்டி யாருடைய எந்தத் தொல்லையைத் தீர்க்கிறது?